வேகத்தின் விலை சூடு

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது வாரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முன்னாள் மாணவர்கள் சிலர் நான்கு ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கடையில் வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் ஒன்று எங்கள் பள்ளியில் இருக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடும். மதிய உணவுக்குப் பிறகு மந்தமாகிவிடும். அன்று பிற்பகல் பாடத்தின் நடுவே தானாகவே அணைந்துவிட்டது. மீண்டும் போட்டோம். பத்து நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது.

அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மாணவன், முந்தைய வாரம்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "டீச்சர், ஓவர்கிளாக் பண்ணா பழைய கம்ப்யூட்டரும் ஸ்பீடாகுமாமே, நம்ம கம்ப்யூட்டர்ல பண்ணலாமா?" எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. "அதெல்லாம் இப்ப வேண்டாம், பாடத்தைப் பாரு" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். கணினி அணைந்ததும் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. "உன்னை யாருப்பா செட்டிங்ஸையெல்லாம் தொடச் சொன்னது?" என்று வகுப்பின் முன்னால் கேட்டுவிட்டேன். அவன் "நான் தொடலை டீச்சர்" என்று ஒரு முறை சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு தொழில்நுட்பாளரை வரவழைத்தோம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் எனக்குப் பேச்சே வரவில்லை. பிராசஸரின் மேல் இருந்த அலுமினியத் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. விசிறி சுழன்றாலும் காற்று உள்ளே போக வழியில்லை. இன்னொன்றையும் அவர் காட்டினார். அந்தக் கணினியின் பயாஸ் அமைப்பில் வேகத்தைக் கூட்டும் வசதியே கிடையாது. மாணவன் நினைத்திருந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

அவனுக்கு நான் தரவேண்டியவை இரண்டு. ஒன்று மன்னிப்பு. இன்னொன்று, அவன் கேட்ட கேள்விக்கான பதில். அந்தப் பதிலைத் தேடிப் படித்தபோது, அது நாம் அறிவியல் வகுப்பில் நடத்தும் வெப்பப் பாடத்திலேயே இருக்கிறது என்பது தெரிந்தது. நம் பிள்ளைகள் பலர் இணையத்தில் காணொலிகளைப் பார்த்துவிட்டு இதே கேள்வியோடு நம்மிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நொடிக்கு 320 கோடித் துடிப்புகள்

பாடநூல் நுண்செயலி என்கிறது. கடைக்காரர் பிராசஸர் என்கிறார். இரண்டும் ஒன்றுதான். அதற்குள் பல கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன சுவிட்சு. இவை அனைத்தும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். பள்ளி மைதானத்தில் கூட்டு உடற்பயிற்சி நடக்கும்போது உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதுவார். எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போகும். பிராசஸருக்கு அந்த விசில்தான் கிளாக் என்னும் கடிகாரத் துடிப்பு.

ஒரு பிராசஸரின் வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு நொடியில் 320 கோடி முறை அந்த விசில் ஊதப்படுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒளிகூடச் சுமார் 9 சென்டிமீட்டர்தான் பயணம் செய்ய முடியும். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, நம் உள்ளங்கை அகலத்தைத் தாண்டுவதற்குள் பிராசஸர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஒளியின் வேகம் நடத்தும்போது இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம்.

இந்த 3.2 கிகாஹெர்ட்ஸ் எப்படிக் கிடைக்கிறது? இன்றைய டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பு இருக்கும். பிராசஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளும். அந்த எண் 32 என்றால், 100 × 32 = 3200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.2 கிகாஹெர்ட்ஸ்.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

தயாரிப்பாளர் நிர்ணயித்த துடிப்பு வேகத்தைவிட அதிக வேகத்தில் பிராசஸரை ஓடவைப்பதே ஓவர்கிளாக்கிங். மேலே சொன்ன பெருக்கும் எண்ணை 32-இலிருந்து 37 ஆக மாற்றினால், வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். விசிலை வேகமாக ஊதுவது போலத்தான்.

இது ஏன் சாத்தியமாகிறது? தொழிற்சாலையில் ஒரே மாதிரி தயாராகும் சில்லுகளில் சில மற்றவற்றைவிடச் சற்றுத் தரமாக அமைந்துவிடும். நிறுவனம் ஒவ்வொரு சில்லையும் சோதித்து, எந்த நாட்டின் எந்தக் கோடையிலும் பழுதின்றி ஓடக்கூடிய வேகத்தையே பெட்டியில் எழுதுகிறது. எனவே எழுதிய வேகத்துக்கும் சில்லால் உண்மையில் ஓட முடிந்த வேகத்துக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைத்தான் ஓவர்கிளாக் செய்பவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இதில் புகழ்பெற்ற உதாரணம் 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ. விலை குறைந்த பிராசஸர் அது. 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 4.5 ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அந்த அடிப்படைத் துடிப்பை 100 ஆக உயர்த்தினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஒன்றரை மடங்கு வேகம், செலவே இல்லாமல்! "பழைய கணினியும் பறக்கும்" என்ற நம்பிக்கை பரவ இதுபோன்ற பிராசஸர்களும் ஒரு காரணம். ஆனால் இன்றைய நிலைமை வேறு. அதைப் புரிந்துகொள்ள, சூட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் திறந்து மூடும்போது ஒரு மிகச் சிறிய மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்வதற்குச் சமமான வேலை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஒரு தடவைக்கு ஆகும் ஆற்றல் மிகமிகக் குறைவுதான். ஆனால் பல கோடி சுவிட்சுகள், நொடிக்கு 320 கோடித் துடிப்புகள் என்று சேரும்போது அது பெரிய அளவாகிவிடுகிறது.

இதற்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் துடிப்பு வேகத்துக்கும் நேர்த்தகவில் இருக்கும். "இருமடி" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓவர்கிளாக்கிங்கின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. விசிலை வேகமாக ஊதினால் கைகள் வேகமாக மேலே போக வேண்டும். அதற்குக் கூடுதல் பலம் வேண்டும். பிராசஸருக்கு அந்தப் பலம் மின்னழுத்தம். வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கூட்டவேண்டி வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வாட் திறன் கொண்ட ஒரு பிராசஸர் 1.20 வோல்ட்டில் 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 3.7 கிகாஹெர்ட்ஸ் ஆக்க மின்னழுத்தத்தை 1.35 வோல்ட்டாக உயர்த்துகிறோம்.

வேகத்தின் விகிதம்: 3.7 ÷ 3.2 = 1.16
மின்னழுத்த விகிதத்தின் இருமடி: (1.35 ÷ 1.20)² = 1.27
புதிய திறன்: 65 × 1.16 × 1.27 = சுமார் 95 வாட்

வேகம் கூடியது 16 சதவீதம். சூடு கூடியது 46 சதவீதம். இதுதான் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

65 வாட் என்றால் என்ன, பழைய குண்டு பல்பு அளவுதானே என்று தோன்றலாம். அது வெளிப்படும் பரப்பைப் பாருங்கள். 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பிராசஸரின் உள்ளே இருக்கும் சில்லோ ஒன்றரை சதுர சென்டிமீட்டர் அளவுதான் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல். இஸ்திரிப்பெட்டியைவிட எட்டு மடங்கு! அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சில நொடிகளிலேயே வெப்பநிலை ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

2004-இல் வந்த சுவர்

1990-களில் கணினிகளின் வேகம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. டிரான்சிஸ்டர் சிறியதாகும்போது அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தமும் குறையும். ஆகவே அதே பரப்பில் சூடு கூடாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் விளக்கியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் அது கைகொடுத்தது. பிறகு மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியாத நிலை வந்தது. அணைந்திருக்கும் சுவிட்சுகளின் வழியாகவும் மின்னோட்டம் கசிந்தது.

இன்டெலின் பென்டியம் 4 பிராசஸர் 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று எல்லாரும் காத்திருந்தபோது, அந்தத் திட்டத்தை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. மறு ஆண்டே இரண்டு கோர்கள் கொண்ட பிராசஸர்கள் சந்தைக்கு வந்தன. ஒருவரை விரட்டி விரட்டி வேலை வாங்குவதற்குப் பதிலாக இரண்டு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது போன்ற மாற்றம் அது. இன்று நம் கைப்பேசியில்கூட எட்டு கோர்கள் இருப்பதற்குச் சூடும் ஒரு முக்கியக் காரணம்.

சூடு வெளியேறும் பாதை

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீசல் என்று மூன்றையும் நடத்துகிறோம். கரண்டி, பால் பாத்திரம், சூரியன் என்று வழக்கமான உதாரணங்களைச் சொல்கிறோம். ஒரு கணினிப் பெட்டியைத் திறந்து காட்டினால் போதும், முதல் இரண்டையும் ஒரே இடத்தில் காட்டிவிடலாம்.

சில்லில் தோன்றும் வெப்பம் முதலில் அதன் மேலுள்ள உலோக மூடிக்குச் செல்கிறது. அங்கிருந்து ஹீட் சிங்க் எனப்படும் அலுமினிய அல்லது தாமிரத் தகடுகளுக்குப் போகவேண்டும். இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். தாமிரத்தின் வெப்பங்கடத்து திறன் சுமார் 400 அலகு என்றால், காற்றினுடையது வெறும் 0.025 அலகு. ஆகவே அந்த மெல்லிய காற்று அடுக்கு, கம்பளி போர்த்தியதுபோல வெப்பத்தைத் தடுத்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் இடையில் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை தடவப்படுகிறது. அதன் கடத்தும் திறன் தாமிரத்தைவிட மிகவும் குறைவு. ஆனால் காற்றைவிடப் பல மடங்கு அதிகம். இதனால்தான் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். அதிகம் தடவினால் அதுவே தடையாகிவிடும்.

ஹீட் சிங்க்கில் பல தகடுகள் இருப்பது காற்றோடு தொடும் பரப்பைக் கூட்டுவதற்காக. சுடச்சுட இருக்கும் காபியைத் தம்ளரிலிருந்து டபராவில் ஊற்றி ஆற்றுவதும் இதே கொள்கைதான். விசிறி அந்தத் தகடுகளுக்கிடையே காற்றைத் தள்ளுகிறது. சூடான காற்று கேபினெட்டின் பின்புறம் வழியாக அறைக்குள் போகிறது. அறையிலிருந்து ஜன்னல் வழியே வெளியே போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அடைபட்டாலும் சில்லு சூடாகும்.

விலையுயர்ந்த கணினிகளில் வெப்பக் குழாய்கள் இருக்கும். மூடிய தாமிரக் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகித் திரும்பும். இட்லிச் சட்டியின் மூடியில் ஆவி படிந்து சொட்டுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. இன்னும் சிலவற்றில் நீர்க் குளிர்விப்பு இருக்கும். மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் போன்றது அது. உலகச் சாதனைக்காக ஓவர்கிளாக் செய்பவர்கள் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனையும், மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியத்தையும் ஊற்றி, 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருக்கிறார்கள். அது சில நிமிடச் சாகசம். அன்றாட வேலைக்கு ஆகாது.

கடையில் வாங்கிய கணினியில் செய்யலாமா?

மாணவனின் கேள்விக்கு இப்போது வருகிறேன். பெரும்பாலான கடைக் கணினிகளில் செய்ய முடியாது, முடிந்தாலும் செய்வதற்கில்லை. காரணங்கள் இவை.

முதலாவது, பூட்டு. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் "கே" என்ற எழுத்து உள்ள வகைகளுக்குத்தான் பெருக்கும் எண்ணை மாற்றும் வசதி பொதுவாக உண்டு. ஏஎம்டியின் ரைசன் டெஸ்க்டாப் வகைகளில் பெரும்பாலானவை திறந்தே இருக்கும். ஆனால் மதர்போர்டும் அதற்கு இடம்தர வேண்டும். அலுவலகப் பயன்பாட்டுக்காகப் பெட்டியோடு விற்கப்படும் டெஸ்க்டாப்களின் பயாஸில் அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

இரண்டாவது, மற்ற பாகங்கள். அந்தக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதி, சிறிய ஹீட் சிங்க் எல்லாம் 65 வாட்டுக்கு ஏற்ப அளந்து வைக்கப்பட்டவை. 95 வாட்டை அவை நெடுநேரம் தாங்காது.

மூன்றாவது, பிழைகள். ஓவர்கிளாக் செய்த கணினி உடனே அணைந்துவிட்டால் கூடப் பரவாயில்லை. அணையாமலே ஓடி, எங்கோ ஓரிடத்தில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிடக்கூடும்; ஒரு கோப்பு பழுதாகக்கூடும். எமிஸ் பதிவுகளும் மதிப்பெண் பட்டியலும் ஏறும் கணினியில் நமக்கு அந்த அபாயம் தேவையா?

நான்காவது, உத்தரவாதம். இதனால் வரும் பழுதுக்குப் பல நிறுவனங்களின் உத்தரவாதம் பொருந்தாது.

ஐந்தாவது காரணம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. இன்றைய பிராசஸர்களில் பல அந்த வேலையைத் தாங்களே செய்துகொள்கின்றன. 2008 முதல் இன்டெல் பிராசஸர்களில் டர்போ பூஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது. வேலை அதிகமாக இருந்து, வெப்பநிலையும் மின்சாரமும் இடம்கொடுத்தால், பிராசஸர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். சூடு எல்லை மீறினால் தானாகவே குறைத்துக்கொள்ளும். பல டெஸ்க்டாப் பிராசஸர்களில் அந்த எல்லை சுமார் 100 டிகிரி செல்சியஸ். அதற்கும் மேலே போனால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணினியையே அணைத்துவிடும். எங்கள் கணினி மதியம் மந்தமானதற்கும் பிறகு அணைந்ததற்கும் காரணம் இதுதான்.

தூசி செய்யும் ஓவர்கிளாக்கிங்

ஹீட் சிங்க்கின் திறமையை "ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி" என்று அளப்பார்கள். சுத்தமான ஒரு சாதாரண ஹீட் சிங்க்குக்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம். 65 வாட்டுக்கு 65 × 0.6 = 39 டிகிரி. இது அறையின் வெப்பநிலைக்கு மேல் கூடும் அளவு. காற்றால் குளிர்விக்கும் எந்த ஏற்பாடும் அறை வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குளிரூட்டிய 26 டிகிரி அறையில்: 26 + 39 = 65 டிகிரி.
ஏப்ரல் பிற்பகலில் 38 டிகிரி அறையில்: 38 + 39 = 77 டிகிரி.
அதே அறையில் 95 வாட்டுக்கு ஓவர்கிளாக் செய்தால்: 38 + 57 = 95 டிகிரி.
ஓவர்கிளாக் எதுவும் செய்யாமல், தூசி படிந்து 0.6 என்பது 0.9 ஆனால்: 38 + 58.5 = 96.5 டிகிரி.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். தூசி படிந்த கணினியும் ஓவர்கிளாக் செய்த கணினியும் ஏறத்தாழ ஒரே சூட்டில் நிற்கின்றன. ஒன்றில் கொஞ்சம் வேகமாவது கிடைத்தது. மற்றொன்றில் அதுவும் இல்லை. எண்கள் உதாரணத்துக்காக எடுத்தவை. கணினிக்குக் கணினி மாறும். ஆனால் படிப்பினை மாறாது. நான் மாணவன்மேல் சுமத்திய குற்றத்தை, நாலு வருடமாக நாங்கள் துடைக்காமல் விட்ட தூசிதான் செய்திருந்தது.

நாம் செய்யக்கூடியவை

அரசு வழங்கிய கணினிகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தமோ உத்தரவாதமோ இருக்கும். அவற்றை நாமே திறக்கக் கூடாது. தலைமையாசிரியர் வழியாகப் புகார் பதிவு செய்வதே முறை. நன்கொடையாக வந்து, இருப்புப் பதிவேட்டில் ஏறி, உத்தரவாதம் முடிந்த கணினிகளுக்கும் நம் வீட்டுக் கணினிக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

1. கேபினெட்டின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மூடிய மேசை அறைக்குள் வைக்காதீர்கள். தரையில் வைத்தால் தூசியை அதிகம் இழுக்கும்.

2. துணி உறையை, கணினி முழுமையாக அணைந்து ஆறிய பிறகு போடுங்கள். ஓடும்போது ஒரு பக்கம்கூட மூடியிருக்கக் கூடாது.

3. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கோடை தொடங்கும் முன் ஒரு தடவை என்று தூசி எடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டை அறைக்கு வெளியே கொண்டுசென்று, புளோயரால் ஊதவேண்டும். ஊதும்போது விசிறியை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுவிடும். உள்ளே தொடும் முன் கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். ஈரத்துணி கூடாது.

4. தூசி எடுத்தும் சூடு குறையாவிட்டால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழைய பசையைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு சிறு பட்டாணி அளவு புதிய பசை வைத்தால் போதும். ஹீட் சிங்க்கைக் கழற்றி மாட்டும் இந்த வேலையைத் தொழில்நுட்பாளரிடம் விடுவதே நல்லது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

5. வேகம்தான் வேண்டுமென்றால் ஓவர்கிளாக்கிங்கைவிட நல்ல வழி உண்டு. பழைய கணினிகள் மந்தமாவதற்குப் பெரும்பாலும் பிராசஸர் காரணமல்ல. சுழலும் ஹார்டு டிஸ்க்கும் போதாத ரேமும்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் கணினி திறக்கும் நேரமே வெகுவாகக் குறையும்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்துக்குப் போனால் பிராசஸரின் வேகம் கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போது குறைந்தும், ஒரு காணொலியைத் திறந்தால் உயர்ந்தும் தெரியும். வெப்பநிலையைப் பல கணினிகளின் பயாஸ் பக்கத்தில் பார்க்கலாம். அங்கே எதையும் மாற்றாமல் ஆசிரியர் முன்னிலையில் பார்க்க மட்டும் செய்ய வேண்டும்.

ஒரு வாரம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அறை வெப்பநிலை, பிராசஸர் வெப்பநிலை இரண்டையும் பிள்ளைகள் குறிக்கட்டும். தூசி எடுத்த பிறகு மறுபடியும் ஒரு வாரம் குறிக்கட்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். வெப்பக் கடத்தல், நேர்த்தகவு, வரைபடம், சராசரி என்று அறிவியலும் கணக்கும் ஒன்றாக வந்துவிடும். "இந்த வித்தியாசத்துக்குத் தூசி மட்டும்தான் காரணமா, அல்லது இரண்டாவது வாரம் மழை பெய்ததா?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

பதில் சொன்ன நாள்

தூசி எடுத்து, புதுப் பசை தடவிய பிறகு எங்கள் கணினி அணையவில்லை. அடுத்த வாரம் அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், "தப்பு என் மேலதான். விசாரிக்காம உன்னைத் திட்டிட்டேன்ப்பா" என்று அந்த மாணவனிடம் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் திட்டியது எல்லார் முன்னிலையிலும் அல்லவா?

பிறகு அவன் கேட்ட கேள்விக்கான பதிலைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினேன். இருமடி வரும் இடத்தில் அவனே எழுந்து, "அப்ப வோல்டேஜைக் கொஞ்சம் குறைச்சா சூடும் நிறையக் குறையுமா டீச்சர்?" என்று கேட்டான். சரியான கேள்வி. மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கும் முறை உண்மையிலேயே உண்டு, அண்டர்வோல்டிங் என்பார்கள். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் வாய்பாட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

தெரியாத கேள்வி வரும்போது "பாடத்தைப் பாரு" என்று சொல்வது நமக்கு எளிது. "எனக்குத் தெரியல, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று அன்றே சொல்லியிருந்தால், அவன்மேல் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. இப்போது எங்கள் கணினி அறையில் தூசி எடுக்கும் தேதிகளைக் குறிக்க ஒரு நோட்டு இருக்கிறது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு அவனுடையது.